தறி வழி வந்த கணிப்பொறி

தமிழில் 'நூல்' என்னும் சொல் பஞ்சிலிருந்து திரிக்கும் இழையையும் குறிக்கும். அறிவுடையோர் இயற்றும் ஏட்டையும் குறிக்கும். 'பனுவல்' என்னும் சொல்லும் அவ்வாறே இருபொருள்பட நிற்பது. இதனைத் தற்செயலாக நேர்ந்த சொல்லொற்றுமை என்று நம் முன்னோர் கருதவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி இதற்கு விளக்கமே தந்துவிடுகிறது. சொல் பஞ்சாகிறது, சொற்றொடர் இழையாகிறது, புலவன் நூற்கும் பெண்ணாகிறான், அவன் வாய் அவள் கையாகிறது, அவன் மதி அவள் கையாளும் கதிராகிறது. புலவனின் அறிவுத்தொழிலை உணர்த்தப் புகுந்த இலக்கணம், நூற்கும் பெண்ணின் கைத்தொழிலையே அளவுகோலாகக் கொண்டது என்பது நாம் நின்று சிந்திக்கத்தக்கது.

நம் காலத்தில் அறிவுத்தொழிலின் தலைமைச் சின்னமாக விளங்குவது கணிப்பொறி. அதற்கும் தறிக்கும், ஊசிக்கும், பின்னலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே பலரும் எண்ணுவர். ஆதலின், அண்மைக்காலக் கலைஞர் சிலர் பூத்தையலையும் மின்சுற்றையும் ஒரே துணியில் இணைத்துக் காட்டும்போது, பார்ப்போர் அதனைப் புதுமை வேட்கை என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றனர். அது புதுமை அன்று. மகள் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த நிகழ்ச்சி. அவ்வழியை வரலாற்று முறையில் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. காசியின் நூலும் லியோனின் அட்டையும்

நெசவு என்பது அடிப்படையில் இரண்டே நிலைகளைக் கொண்ட தொழில். ஊடை இழை குறுக்கே ஓடும்போது ஒவ்வொரு பாவு இழையும் மேலே நிற்கும், அல்லது கீழே நிற்கும். மூன்றாவது நிலை இல்லை. வெறும் துணியாயின் இழைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தூக்கினால் போதும். பூவும் கொடியும் மயிலும் வேண்டுமெனின், எந்த ஊடைக்கு எந்தெந்தப் பாவு இழை எழ வேண்டும் என்ற நீண்ட பட்டியலை எங்கேனும் பதிந்து வைத்தல் வேண்டும். அப்பட்டியலை எங்கே பதிவது என்பதே சித்திர நெசவின் முழுச் சிக்கலும்.

காசி நகரத்து நெசவாளர் அதனை நூலிலேயே பதிந்தனர். நக்ஷாபந்து எனப்படும் வல்லுநர், காகிதத்தில் உள்ள ஓவியத்தைப் பார்த்து, நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து ஒரு சிறு மாதிரி கட்டுவார். அதன்படியே தறிக்கு மேல் 'ஜாலா' என்னும் கயிற்றுத் தொகுதி அமையும். உதவியாள் ஒருவன் அந்தக் கயிறுகளை முறைப்படி இழுக்க, நெசவாளர் ஊடையை ஓட்டுவார். காஞ்சிபுரத்தில் பழைய நாளில் வழங்கிய 'அடை' முறையும் இதற்கு உறவானதே. ஒரு பூவின் முழுக் கணக்கும் முடிச்சுகளாக நூலில் உறங்கும். வேண்டும்போது எழுந்து துணியில் மலரும். பிற்காலத்தார் கணிப்பொறியின் 'நினைவகம்' என்று எதனைக் கூறினரோ, அது அன்றே கயிற்றில் இருந்தது எனலாம்.

பிரான்சு நாட்டின் லியோன் நகரமும் பட்டு நெசவில் பெயர்பெற்றது. அங்கும் கயிறு இழுக்கும் பணியைச் சிறுவர்களே பெரிதும் செய்தனர். நாள் முழுதும் உடலை வளைத்து நிற்கும் கடுந்தொழில் அது. 1725-ஆம் ஆண்டில் பசீல் பூஷோன் என்பார் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு இழைகளைத் தேர்ந்தெடுக்கும் வழியைக் கண்டார். 1728-இல் பால்கோன் என்பார் சுருளுக்கு மாற்றாக அட்டைகளைப் புகுத்தினார். 1745-இல் வோகான்சோன் தானே இயங்கும் தறி ஒன்றை அமைத்தார். இம்மூவர் வகுத்த வழியையும் ஒன்றாக்கி, 1804-இல் நடைமுறைக்கு ஏற்ற பொறியாக்கியவர் ழோசப் மரீ ஜக்கார். நம் நெசவாளர் 'ஜக்கார்டு' என்று வழங்குவது அவர் பெயரையே.

அப்பொறியின் இயக்கம் எளியது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டை வந்து கம்பிகளின்மேல் அழுந்தும். துளையுள்ள இடத்தில் கம்பி உள்ளே நுழைந்துவிடும். அதனோடு பிணைந்த கொக்கி தன் இடத்திலேயே நின்று, மேலெழும் தண்டினால் தூக்கப்படும். பாவு இழை எழும். துளையில்லாத இடத்தில் கம்பி தள்ளப்படும், கொக்கி விலகிவிடும், இழை கீழேயே நிற்கும். துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே சொற்களில் எல்லாச் சித்திரமும் எழுதப்பட்டுவிட்டது.

இதனால் விளைந்த நன்மையையும் தீமையையும் ஒருங்கே சொல்லுதல் நேர்மை. கயிறு இழுத்த சிறுவர் அக்கொடுமையினின்று விடுபட்டனர். அதே நேரத்தில், கைத்திறனால் வாழ்ந்தோர் தம் பிழைப்புக்கு அஞ்சி லியோனில் இப்பொறியை எதிர்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது காசிக்கு வந்தபோது, நக்ஷாபந்துகளின் அரிய கலை மெல்ல ஒடுங்கியது. ஜக்காரின் பெயர் உலகெங்கும் நின்றது. நூலில் ஓவியம் கட்டிய காசி வல்லுநர்களுள் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

2. அட்டையிலிருந்து எண்ணுக்கு

1839-ஆம் ஆண்டு லியோனில் ஜக்காரின் உருவம் பட்டில் நெய்யப்பட்டது. அதற்குத் தேவைப்பட்ட அட்டைகள் சுமார் 24,000. பார்ப்போர் அதனைச் செதுக்கோவியத்தின் அச்சுப்படி என்றே மயங்கினர். அப்படம் ஒன்றை வாங்கித் தம் லண்டன் இல்லத்தில் மாட்டி வைத்து, வந்தவர்க்கெல்லாம் காட்டி மகிழ்ந்தவர் சார்லஸ் பாபேஜ். அவர் அக்காலத்தில் 'பகுப்பாய்வுப் பொறி' என்னும் மாபெரும் கணக்குப் பொறியைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். எண்களையும் கட்டளைகளையும் பொறிக்குள் செலுத்த அவர் தேர்ந்த கருவி, ஜக்காரின் துளை அட்டையே.

1843-இல் அப்பொறி பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து, மூலத்தினும் நீண்ட குறிப்புரை வரைந்தார் ஏடா லவ்லேஸ் அம்மையார். தறி பூவை நெய்வதும் பொறி இயற்கணிதத்தை நெய்வதும் ஒரு நிகரான செயல்கள் என்ற கருத்தை அவர் அதில் நிலைநாட்டினார். பவணந்தியார் புலவனுக்குக் காட்டிய உவமையை, அவரை அறியாத ஒரு பெண்மணி அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் பொறிக்குக் காட்டினார் என்பது வியப்புக்குரியது. பாபேஜின் பொறி அவர் வாழ்நாளில் முற்றுப்பெறவில்லை. ஆயினும் துளை அட்டை நிலைத்தது.

அமெரிக்காவில் 1880-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைத் தொகுத்து முடிக்கச் சுமார் எட்டு ஆண்டுகள் ஆயின. 1890-ஆம் ஆண்டுக் கணக்குக்கு ஹெர்மன் ஹாலரித் என்பார் அட்டை முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அட்டை. வயது, பிறப்பிடம், தொழில் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு துளை. துளை வழியே ஊசி இறங்கிக் கீழேயுள்ள பாதரசத்தைத் தொட்டால் மின்னோட்டம் பாயும். கணக்குமுள் ஒரு படி நகரும். ஹாலரித் தொடங்கிய நிறுவனம் 1911-இல் வேறு சிலவற்றோடு இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது. அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் அலுவலகங்கள் பல துளை அட்டையைக் கொண்டே கணக்கிட்டன. தறியின் மொழி அலுவலகத்தின் மொழியாயிற்று.

3. விண்கலத்தில் ஏறிய பின்னல்

தறியின் எண்ணம் மட்டுமே கணிப்பொறிக்குள் புகுந்தது என்பதன்று. பின்னும் கையும் உடன் புகுந்தது. 1950-களிலும் 1960-களிலும் கணிப்பொறியின் நினைவகம் கடுகினும் சற்றே பெரிய காந்த வளையங்களால் ஆயது. அவ்வளையங்களின் ஊடே மெல்லிய கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோப்பது பாவும் ஊடையும் போன்ற வேலை. உருப்பெருக்கியின் கீழ் அதனைச் செய்தோர் பெரும்பாலும் பெண்கள்.

இதன் உச்சத்தை அப்பல்லோ விண்கலத்தில் காண்கிறோம். 1969-இல் மனிதரை நிலவுக்கு இட்டுச் சென்ற கலத்தின் வழிகாட்டுக் கணிப்பொறிக்குரிய கட்டளைகளை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் வகுத்தனர். அக்கட்டளைகளைத் தாளிலிருந்து கலத்துக்கு ஏற்றும் வழி என்ன? நெய்து ஏற்றுவதே வழி. கம்பி ஒரு வளையத்தின் உள்ளே சென்றால் 'ஒன்று'. வெளியே விலகிச் சென்றால் 'சுழி'. 36,864 சொற்கள், சொல்லுக்குப் பதினாறு இடங்கள் என்ற கணக்கில், ஏறத்தாழ 5,90,000 முடிவுகள் இவ்வாறு கம்பியில் பின்னப்பட்டன. வால்தம் நகரில் ரேதியான் நிறுவனத்தின் தொழிற்கூடத்தில் இப்பணி நடந்தது. நெசவாலைகளுக்கும் கைக்கடிகாரத் தொழிலுக்கும் முன்னரே பெயர்பெற்ற ஊர் அது. ஒரு பெண் ஊசியில் கம்பியைக் கோத்து நிற்பார். துளையிட்ட நாடா ஒன்றின் ஆணைப்படி கருவி உரிய வளையத்தை அவர் முன் கொண்டுவந்து நிறுத்தும். அவர் ஊசியைச் செலுத்துவார். ஜக்காரின் துளை இங்கும் வழிகாட்டியது; வழியைக் கடந்தது பெண்ணின் கை.

பின்னி முடித்துவிட்டால் அதனை எளிதில் மாற்ற இயலாது. மின்னோட்டம் அற்றாலும் அது அழியாது. மூவர் உயிர் அப்பின்னலை நம்பி விண்ணேறியது. ஆனால் பொறியாளர் சிலர் அதற்கு வைத்த விளையாட்டுப் பெயர் 'கிழவிகளின் நினைவகம்' என்பது. அதில் அன்பும் இருக்கலாம், ஏளனமும் இருக்கலாம். கட்டளையை வகுத்தது அறிவு, அதனைப் பின்னியது வெறும் கை என்ற பிரிவினை அப்பெயரில் தெளிவாகத் தெரிகிறது. ஒரு வளையத்தில் ஊசி தவறியிருப்பினும் அறிவு அங்கே பொய்த்திருக்கும் அன்றோ?

4. புகழ்ச்சியின் மறைபொருள்

இதனினும் கூர்மையான சான்று ஒன்று உண்டு. அமெரிக்கத் தொல்குடியினரான நவஹோ மக்கள் கம்பள நெசவில் புகழ்பெற்றவர்கள். அவர்களுடைய நிலப்பகுதியில், நியூ மெக்சிகோவின் ஷிப்ராக் என்னும் ஊரில், ஃபேர்சைல்ட் என்னும் மின்னணு நிறுவனம் 1965-இல் தொழிற்கூடம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே பணிபுரிந்த காலம் உண்டு; அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். 1969-இல் புதிய கட்டடம் திறந்தபோது வெளிவந்த விளம்பர ஏடு, நவஹோக் கம்பளத்தின் கோலத்தையும் மின்சில்லின் கோலத்தையும் ஒப்பிட்டுப் பெருமை பேசியது. நெசவு அப்பெண்களின் மரபில் ஊறியது. ஆதலின் நுண்ணிய மின்வேலை அவர்களுக்கு இயல்பாகவே வரும் என்பது அதன் கருத்து.

மேலோட்டமாகப் பார்த்தால் இது புகழ்ச்சி. உள்ளே புகுந்து பார்த்தால் ஒரு கணக்கு உண்டு. பல ஆண்டுகள் முயன்று பெறும் பயிற்சிக்கு ஊதியம் தர வேண்டும். பிறவியிலேயே வரும் இயல்புக்கு யாரும் தனி ஊதியம் தருவதில்லை. பெண்ணின் சமையலும் தையலும் கோலமும் 'இயல்பு' என்னும் ஒரு சொல்லால் எவ்வாறு விலையற்றுப்போயின என்பதை நாம் நம் இல்லங்களிலேயே அறிவோம். 1975-இல் ஆட்குறைப்பை எதிர்த்து, தொல்குடி உரிமை இயக்கத்தினர் ஆயுதமேந்தி அத்தொழிற்கூடத்தைச் சில நாட்கள் கைப்பற்றினர். அதன் பின் நிறுவனம் அதனை மூடிவிட்டது.

பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. 1994-இல் இன்டெல் நிறுவனம் மரிலூ ஷுல்ட்ஸ் என்னும் நவஹோ நெசவாளரிடம் ஒரு கம்பளம் வேண்டியது. அவர் பெண்டியம் என்னும் மின்சில்லின் உட்கோலத்தை மரபுவழித் தறியில், கம்பளி நூலில் நெய்து தந்தார். தொல்குடி அறிவியலாளர் சங்கம் ஒன்றுக்கு அது பரிசாக அளிக்கப்பட்டது. 2017-இல் டாக்குமென்டா என்னும் உலகப் புகழ்வாய்ந்த கலைக்காட்சியில் ஷுல்ட்ஸின் படைப்பு இடம்பெற்றது. முன்னர்ப் பெயர் தெரியாத கைகள் மின்சில்லைச் செய்தன. அது நிறுவனத்தின் பெயரில் விற்றது. இப்போது அதே இனத்துக் கை அம்மின்சில்லின் கோலத்தை நெய்தது. அது நெய்தவர் பெயரில் நின்றது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவே இக்கலையின் பொருள்.

5. இன்றைய கலைஞர்கள் செய்வது

இவ்வகைக் கலை திடீரெனத் தோன்றியதன்று. 1976, 1977-ஆம் ஆண்டுகளில் பெரில் கோரோட் என்னும் அமெரிக்கக் கலைஞர் 'பாடமும் விளக்கமும்' என்னும் பொருள்படும் படைப்பில், தாம் தறியில் நெய்த ஐந்து துணிகளையும் நெசவைக் காட்டும் ஐந்து வீடியோத் திரைகளையும் எதிரெதிரே நிறுத்தினார். தறியே உலகின் முதல் நிரல்பொறி என்பது அவர் துணிபு.

2007-இல் லியா பீக்லி என்னும் ஆராய்ச்சியாளர் 'லில்லிபேட்' என்னும் சிறு மின்பலகையை வெளிக்கொணர்ந்தார். பூவிதழ் போன்ற வட்ட வடிவம் உடையது. விளிம்பில் துளைகள் உண்டு. ஈயப்பற்று வைக்க வேண்டியதில்லை. மின்சாரம் கடத்தும் நூலை ஊசியில் கோத்துத் துணியிலேயே தைத்துவிடலாம். சட்டையில் விளக்கு ஒளிரும். தொட்டால் இசை எழும். வழக்கமான மின்பலகைகளைக் கையாண்டோரைக் காட்டிலும் இதனைக் கையாண்டோரிடையே பெண்களின் பங்கு மிகுதி என்பது பின்னர் நடந்த ஆய்வில் புலனாயிற்று. பெண்களுக்கு மின்னணுவியலில் விருப்பம் இல்லை என்ற பழைய கூற்று இங்கே ஆட்டம் கண்டது. வாயிலை மாற்றி அமைத்ததும் வருவோர் மாறினர்.

2018-இல் இரேனே போஷ், எப்ரு குர்பாக் என்னும் இரு பெண் கலைஞர்கள் 'பூத்தையல் கணிப்பொறி'யைப் படைத்தனர். பழைய பொற்சரிகைத் தையலின் கோலங்களையே மின்சுற்றாக்கினர். சுருளாகத் தைத்த உலோக இழையில் மின்னோட்டம் பாயும்போது காந்த மணி புரளும். ஒன்று சுழியாகும், சுழி ஒன்றாகும். மின்சில் இல்லை, திரை இல்லை. மிக எளிய கணக்குகளையே அது செய்யும். ஆனால் செய்வது கண்ணுக்குத் தெரியும். கருநிறப் பெட்டிக்குள் மறைந்துகிடந்த கணக்கு, மலரும் இலையுமாக வெளியே வந்துவிட்டது. ஜர்தோசி வேலை செய்யும் நம் நாட்டுக் கைவினைஞர் அதனைக் கண்டால், சுருள் இழையைத் தைத்த முறையை உடனே இனங்கண்டுகொள்வர்.

அசர்பைஜான் நாட்டுக் கலைஞர் பாயிக் அகமது வேறொரு வழியில் சென்றார். மரபான கம்பளக் கோலத்தைக் கணிப்பொறியில் இட்டு, பாதியில் உருகி வழிவது போலவும் கட்டம் கட்டமாகச் சிதறுவது போலவும் மாற்றி, அதனை மீண்டும் கைமுடிச்சால் நெய்விக்கிறார். காண்பதற்கு அரிய படைப்புகள் அவை. ஆனால் இங்கே ஒரு வினாவும் எழுகிறது. முடிச்சு முடிச்சாக அமர்ந்து நெய்தவர்களை எத்தனை பார்வையாளர் நினைக்கின்றனர்? கணிப்பொறியும் கைவினையும் ஒரு படைப்பில் சேர்ந்துவிட்டமையாலேயே கைக்கு மதிப்புக் கிட்டிவிடும் என்று கொள்வதற்கில்லை. பழைய பிரிவினை புதிய ஆடை உடுத்தும் வரலாமன்றோ.

6. பெயர் என்னும் கடன்

அரசு அலுவலகத்தில் வரைவை எழுதுவோர் ஒருவர், கையொப்பமிடுவோர் மற்றொருவர். அதில் குறை காண வேண்டியதில்லை. பொறுப்பின் முறை அது. ஆயினும் கோப்பைப் புரட்டினால், குறிப்பை எழுதியவரின் சுருக்கொப்பம் அடியில் இருக்கும். ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவரும் அதனைக் காணலாம். தறிக்கு அத்தகைய கோப்பு இல்லை. லியோனில் 1839-இல் நெய்த ஜக்கார் படத்தில் கார்க்கியா என்னும் நெசவாளரின் பெயர் நிற்பது அரிய விதிவிலக்கு. ஆகவேதான் அதனை நெய்த கை யாருடையது என்று இன்றும் நம்மால் சொல்ல முடிகிறது.

நம் நாட்டில் இன்று காசிப் பட்டுக்கும் காஞ்சிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. காசிப் பட்டு அதனை 2009-இல் பெற்றது. இக்குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது; போலியைத் தடுக்கிறது; வேண்டிய ஒன்றே. ஆனால் ஊரின் பெயர் நெய்தவர் பெயராகிவிடாது. காகிதக் கட்டத்தில் வரைந்த சித்திரங்கள் இப்போது 'டிஜிபுனாய்' போன்ற கணிப்பொறி நிரல்களால் வரையப்படுகின்றன. ஒரு சேலையின் முழுக் கணக்கும் கோப்பாகச் சேமிக்கப்படும் காலம் இது. அவ்வாறாயின், அக்கோப்பில் சித்திரம் வகுத்தவர் பெயரையும் நெய்தவர் பெயரையும் இரண்டு வரியில் சேர்ப்பதற்குத் தடை என்ன? நக்ஷாபந்துகளின் பெயர்களை இழந்தது போதும். கணிப்பொறி தறியிடம் பட்ட கடன் இருநூறு ஆண்டுப் பழங்கடன். அதனை இவ்வகையில் தீர்க்கத் தொடங்கலாம்.

தமிழர் போற்றும் வள்ளுவரை மயிலையில் தறி நெய்தவர் என்பது வழிவழி வரும் கதை. காசியில் கபீர்தாசர் நெசவுக் குடியில் வளர்ந்து தறியில் அமர்ந்தவர். கையால் இழையையும் வாயால் சொல்லையும் நெய்தவர்களை இந்நாட்டின் தென்கோடியும் வடபுலமும் ஒருங்கே தலைமேல் வைத்துக் கொண்டாடுகின்றன. கை வேறு, அறிவு வேறு என்று அவர்கள் வாழ்வு கூறவில்லை. ஊசியும் மின்சுற்றும் ஏந்திய இன்றைய கலைஞர்கள் நமக்கு நினைவூட்டுவதும் அதுவே. நூல் என்னும் ஒரு சொல்லுக்குள் நம் மொழி இவ்வுண்மையை நெடுங்காலமாகக் காத்து வைத்திருக்கிறது. அச்சொல்லை நாள்தோறும் வழங்கும் நாம், நூலைத் திரித்த கையையும் நூலை யாத்த மதியையும் ஒரே தட்டில் வைத்து மதிப்போமாக.